ஊஞ்சல்ல ராசாவுக்குப் பட்டது

ஒரு சிரிப்புக் கதை சொல்றேன், வயித்தைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கப் போறீங்க. ஆனா சிரிப்பு இப்ப வராது, கடைசியிலதான் வரும். வழியில சாவு இருக்கு, அதைத் தாண்டித்தான் வரணும். அதுவரைக்கும் ம் கொட்டிக்கிட்டு இருங்க. பாதியில யாராவது சிரிச்சீங்கன்னா மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சுடுவேன், ஆமா.

இங்க இருந்து கண்மாய் கண்மாயாத் தாண்டிப் போனா, நடக்கிற காலு இனி முடியாதுன்னு சொல்ற எடத்துல ஒரு ஊரு. அந்த ஊருக்குக் கொண்டல்ராசான்னு ஒரு ராசா. கெட்டவர் இல்ல. அதுதான் பாவம். கெட்டவரா இருந்தா ஊரு சூதானமா இருந்திருக்கும்.

அவரு பட்டத்துக்கு வந்த புதுசுல அந்த ஊருக் கண்மாய்க் கரை மழைக்கு மழை ஒடையும். அடைப்பாங்க, ஒடையும். கல்லு வச்சு அடைப்பாங்க, ஒடையும். பனைமரம் வச்சு அடைப்பாங்க, அப்பவும் ஒடையும். ராசா வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டுக் கரையிலயே கெடந்தாரு. சேத்துல நின்னாரு, மழையில நின்னாரு, தண்ணி எங்க முட்டுது எங்க சுழிக்குதுன்னு பாத்தாரு. ஒரு வருசம் போச்சு. ஒண்ணும் புரியல. சலிச்சுப்போயி அரமனைக்கு வந்து, குளிச்சு, வெத்தலையப் போட்டுக்கிட்டு ஊஞ்சல்ல உக்காந்தாரு. கிரீச்... கிரீச்... கிரீச்... திடீர்னு உடம்பெல்லாம் சிலுத்துச்சு. துள்ளி எந்திரிச்சாரு.

“பட்டுழுச்சு!”

பட்டுருச்சுன்னுதான் சொன்னாரு. வாய் நெறைய வெத்தலைச் சாறு, கீழ ஒழுகாம இருக்க முகட்டைப் பாத்துக்கிட்டே பேசுனா அப்படித்தான் வரும்.

“கழைக்கு ஒண்ணும் இல்லழா! மிச்சத் தண்ணி போக வழி இல்ழ! ஓழமா ஒரு கலுங்கு கட்டுங்க!”

கட்டுனாங்க. மழை பேஞ்சுச்சு. நெறஞ்ச தண்ணி கலுங்கு வழியா அழகா வழிஞ்சு ஓடுச்சு, கரை அசையல. ஊரே ஆடுச்சு. “ராசாவுக்கு ஊஞ்சல்ல பட்டுச்சாம்ல! பட்டது பட்டபடி நடந்துச்சாம்ல!”ன்னு பேச்சு. சேத்துல நின்ன வருசத்தை ஊரு மறந்துச்சு. அது போகட்டும், ராசாவே மறந்துட்டாரு. அவருக்கு ஊஞ்சல் மட்டுந்தான் ஞாபகம் நின்னுச்சு.

அதுக்கப்புறம் அந்த ஊருல ஒரு வழக்கம் வந்துச்சு. ஊஞ்சலுக்குப் பக்கத்துல ஒரு பெரிய வெங்கல மணி தொங்கவிட்டாங்க. ராசாவுக்குப் பட்டா மணி அடிக்கணும். மணி அடிச்சா அதுதான் தீர்ப்பு. எப்படின்னு யாரும் கேக்கக்கூடாது. சாட்சி கொண்டாரக்கூடாது. வாய் தவறிக் கேட்டா அவனுக்கு வேற மணி அடிப்பாங்க.

சரி, அந்த ஊஞ்சலை ஆட்ட ஒரு ஆளு வேணும்ல? அவன் பேரு மாயழகு. ராசா முதுகுக்குப் பின்னால, சொவத்துல சாஞ்சு, ஒரு கோணிச்சாக்கை விரிச்சு உக்காந்து கயித்தை இழுப்பான். ராசா அவன் மொகத்தைப் பாத்ததே இல்ல. குரலு எப்படித் தெரியுமா? வெண்ணெய உருக்கி விட்ட மாதிரி. கேட்டதும் தெரியாது, போனதும் தெரியாது.

ஒரு நாளு அவனுக்கு மாம்பழ ஆசை. சும்மா முணுமுணுத்தான், “மரத்துல பழுத்து என்ன... கிளிதானே திங்குது... மனுசன் வாயில விழுந்தாத்தானே...” கிரீச், கிரீச். ராசா துள்ளுனாரு.

“பட்டுழுச்சு! தோட்டத்து மாம்பழத்தையெல்லாம் பிச்சு ஆளுக்குப் பங்கு வைங்க!”

டொய்ங்ங்ங்!

மாயழகு கையில கயிறு நின்னு போச்சு. அடேயப்பா! ராசா காது கேக்குது, கேட்டது ராசாவுக்கே தெரியல! ஊஞ்சல் பின்னால வர்றப்போ காதுல ஒண்ணைப் போட்டா, முன்னால போறப்போ அது ராசா யோசனையா மாறிடுது! அதுக்கப்புறம் விடுவானா? அவன் ஒண்ணையும் முழுசாச் சொல்ல மாட்டான். அதுல கெட்டிக்காரன். ரெண்டு நுனியப் பக்கத்துல பக்கத்துல வப்பான், முடிச்சை ராசாவே போட்டுக்கிடுவாரு. தானாப் போட்ட முடிச்சு யாருக்குத்தான் பிடிக்காது?

என்ன, சிரிப்பு வருதா? இன்னும் இல்ல. அடக்குங்க.

அந்த ஊஞ்சல் கூடத்துச் சொவத்துக்கு அந்தப் பக்கம் விதைநெல்லு அறை. சொவத்தை ஒட்டி, ஆளு ஒசரத்துக்கு நெல்லு கொட்டி வச்ச மண்குதிரு, மேல வாயைச் சாணி போட்டு மெழுகி முத்திரை வச்சிருக்கும். உள்ள பூச்சி விழாம இருக்க நொச்சி இலையும் சாம்பலும் கலந்த விதைநெல்லு. அந்த வருசம் பஞ்சம். ஊருல வேற எந்த வீட்டுலயும் விதைக்கு ஒரு கைப்பிடி கெடையாது. மழை பேஞ்சா ஊரு பொழைக்கிறது அந்தக் குதிருலதான். வாசல்ல காவலுக்கு ஒருத்தன் நின்னான், பேரு கோட்டைச்சாமி. நின்னா நின்ன எடம். ஈ ஒக்காந்தாக்கூட மூக்கைச் சொரிய மாட்டான்.

ஒரு நாளு மந்திரி வந்து நெல்லுக் குதிரைத் தட்டிப் பாத்தாரு. மந்திரி மூக்காலதான் பேசுவாரு.

“எண்ணடா இது, டங்குண்ணு சத்தம் வருது? மேல காலியா இருக்கே?”

முத்திரை ஒடையல. கதவு ஒடையல. நெல்லு மட்டும் பாதி இல்ல. ராசாகிட்டப் போயி சொன்னாங்க. ராசா என்ன செஞ்சாரு? அறையப் போயி பாத்தாரா? இல்ல. குதிரைத் தொட்டுப் பாத்தாரா? இல்ல. கோட்டைச்சாமியக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாரா? அதுவும் இல்ல. வெத்தலையப் போட்டுக்கிட்டு ஊஞ்சல்ல உக்காந்தாரு.

கிரீச்... கிரீச்... பின்னால மாயழகு, சன்னல்ல ஓடுன அணிலைப் பாத்துக் கொஞ்சுறான், “ஏ அணிலு, தோட்டத்துக்கு நீதான் காவலா? ராவும் பகலும் நீ ஒருத்தந்தான் நிக்கிறியா? வேற யாரும் வரவே இல்லியா? அப்ப கொய்யாப்பழம் எங்கடா போச்சு?”

கிரீச்... கிரீச்... ராசாவுக்கு உடம்பு சிலுத்துச்சு.

“பட்டுழுச்சு! காவக்காழந்தான் கள்ளன்!”

டொய்ங்ங்ங்!

அன்னைக்கே கழுமரம் நட்டாங்க. கோட்டைச்சாமி பெண்டாட்டி அங்காயி தலைவிரிகோலமா ஓடி வந்தா. அவன் அவளைப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னான். “நான் வாசல விட்டு நகரவே இல்லடி, அங்காயி.” அவ்வளவுதான். ஏத்திட்டாங்க.

ம் கொட்டுங்க. ஏன் யாரும் கொட்டல?

அப்புறம், கள்ளன் செத்துட்டான்ல, நெல்லு அப்படியே இருக்கணும்ல? இருக்கல. மந்திரி தட்டுனாரு, இன்னும் கொஞ்சம் கீழ வரைக்கும் டங்குன்னுது. நெசமா யோசிக்கிற ஆளா இருந்தா என்ன நெனப்பான்? ஐயய்யோ, தப்பான ஆளைக் கொன்னுட்டமேன்னு நெஞ்சுல அடிச்சுக்குவான். நம்ம ராசா ஊஞ்சல்ல உக்காந்தாரு. பின்னால மாயழகு காக்காயக் கொஞ்சுனான், “ஏ காக்கா, அக்கா வீட்டுலயே கெடக்குறியே, மாமன்தான் போயிட்டானே, இன்னும் உனக்கு யாரு சோறு போடுறா?”

“பட்டுழுச்சு! கள்ளனுக்குக் கூட்டு உண்டு! அவன் மச்சினன்!”

டொய்ங்ங்ங்!

அங்காயிக்கு ஒரே தம்பி, காத்தமுத்துன்னு பேரு. அக்கா தனியாக் கெடக்காளேன்னு தொணைக்கு வந்து இருந்தவன். அவனைப் புடிச்சுச் செறையில போட்டு, அமாவாசை அன்னைக்குக் கழுவுல ஏத்தணும்னு சொல்லிட்டாங்க. இப்ப அங்காயிக்கு மிச்சம் இருக்கிறது அந்த ஒரு உசுருதான்.

அங்காயி ராசா கால்ல போயி விழுந்தா.

“ராசா, குதிரு வாயில முத்திரை ஒடையவே இல்ல. அப்புறம் எப்படி ராசா வாசல்ல நிக்கிறவன் எடுப்பான்? ஒரு நடை வந்து பாருங்க ராசா.”

ராசாவுக்கு அவ மேல கோவமே வரல. வெத்தலைய ஒரு கன்னத்துல ஒதுக்கிட்டு, அன்பா, பச்சப்புள்ளைக்குச் சொல்ற மாதிரி சொன்னாரு. “தாயி, பாத்துத் தெரியிறது வேற, பட்டுத் தெரியிறது வேற. பாத்தா சந்தேகம் வரும். பட்டா வராது. எனக்கு உடம்பு சிலுத்துச்சு தாயி. சிலுத்தா அது தப்பாப் போனதே இல்ல.”

“கலுங்கு கட்டுனப்போ ஒரு வருசம் கரையில நடந்தீங்களே ராசா. எம் புருசனுக்கு அந்த நெல்லு அறை வாசல் வரைக்காவது நடக்கப்படாதா?”

ராசா சிரிச்சாரு. “அப்ப எனக்குப் பழக்கம் இல்ல, அதான் ஒரு வருசம் ஆச்சு. இப்பப் பழகிப்போச்சு, உடனே உடனே படுது.”

இதுக்கு மேல என்ன பேச? அங்காயி கண்ணைத் தொடச்சுக்கிட்டா. “சரி ராசா. வயித்துப்பாட்டுக்கு ஒரு வேலையாவது குடுங்க. ஊஞ்சல் சங்கிலிக்குப் பூக் கட்டிப் போடுறேன்.” ராசா சரின்னுட்டாரு.

அவளுக்கு ஒண்ணும் பளிச்சுனு தோணல, கேட்டுக்கோங்க. மின்னலும் இல்ல, சிலுப்பும் இல்ல. கூடத்து முன்பக்கம் உக்காந்து, பூவைத் தொடுத்துக்கிட்டு, பாத்துக்கிட்டே இருந்தா. ஒரு நாளு மாயழகு எந்திரிச்சுப் போன எடத்தைக் கூட்டுறா, காஞ்ச நொச்சி இலை ஒண்ணு கெடக்கு. ஊஞ்சல் கூடத்துல நொச்சி இலைக்கு என்ன வேலைன்னு நெனச்சா, ஒண்ணும் ஓடல. முந்தானையில முடிஞ்சுக்கிட்டா. இன்னொரு நாளு பாத்தா, மாயழகு வர்றப்போ தட்டையா இருக்கிற கோணிச்சாக்கு, போறப்போ பத்துமாசப் புள்ளத்தாச்சி மாதிரி இருக்கு. அப்பவும் முழுசா ஓடல. இன்னொரு நாளு, அவன் தண்ணி குடிக்கப் போன நேரம், அவன் சாயிற சொவத்தைத் தடவிப் பாத்தா. கந்தைத்துணி ஒண்ணு அடைச்சிருக்கு. உருவுனா, மூங்கில் குழாயி. குழாயில இருந்து சலசலன்னு நெல்லு, நொச்சி இலையோட. சட்டுனு அடைச்சுட்டா.

ஒரு கையில ராசாவை ஆட்டிக்கிட்டே மறுகையில ராசா நெல்லை உருவியிருக்கான்! ஊஞ்சல் போடுற கிரீச்சுல நெல்லு சத்தம் கேக்கல. ராசா திரும்பி ஒரே ஒரு தடவை பாத்திருந்தாப் போதும். ஒரே ஒரு தடவை.

அன்னைக்கே இன்னொண்ணும் காதுல விழுந்துச்சு. “ஓலைக் கூரை ஒழுகுது... ஆட்டுற கைக்கு ஒரு ஓட்டு வீடு இருந்தா...”ன்னு மாயழகு முனகுனதும் கேட்டுச்சு, “பட்டுழுச்சு! மாயழகுக்கு ஓட்டு வீடு!”ன்னு ராசா துள்ளுனதும் கேட்டுச்சு. அங்காயி கையில ஊசி குத்திருச்சு. அவ உணரல.

மந்திரிகிட்ட ஓடுனா. இலையக் காட்டுனா, சாக்கைச் சொன்னா, குழாயச் சொன்னா, முனகுனதையும் சொன்னா. மந்திரி அந்தப் பக்கம் இந்தப் பக்கம் பாத்தாரு.

“எணக்கும் சந்தேகந்தாண் தாயி. மொத நாளே சந்தேகந்தாண்.”

“அப்ப ஏன்யா வாயத் தொறக்கல?”

“மணி அடிச்சுட்டாங்களே! மணி அடிச்சப்புறம் எண் கழுத்து எண் கழுத்தா இருக்கணுமில்ல? சாட்சியெல்லாம் வேலைக்காகாது. அடிச்ச மணிய இண்ணொரு மணிதாண் மாத்தும். போ தாயி, நாண் உண்ணையப் பாக்கவே இல்ல.”

அங்காயி அவரை மேலயும் கீழயும் பாத்தா. பூக் கட்டத் திரும்பி வந்துட்டா.

அமாவாசையும் வந்துச்சு. காத்தமுத்துவை வெளிய கூட்டிட்டு வந்து கழுமரத்தடியில நிறுத்திட்டாங்க. ராசா வெத்தலையப் போட்டுக்கிட்டு ஊஞ்சல்ல உக்காந்தாரு. பின்னால மாயழகு. முன்னால அங்காயி, மடியில பூ. இப்பப் பாருங்க கூத்தை.

கிரீச்சுன்னு ஊஞ்சல் முன்னால வந்துச்சு. அங்காயி பூகிட்டப் பேசுறா, “ஏ மல்லி, வாசல்ல நின்னவன் செத்துட்டான்... வாசல் வழியா ஒண்ணும் போகல...”

கிரீச்சுன்னு பின்னால போச்சு. மாயழகுக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அவன் வித்தை அவனுக்குத் தெரியாதா? “கள்ளன் மச்சினன் கள்ளன்... கள்ளன் மச்சினன் கள்ளன்...”

முன்னால. “வாசல் இல்லாட்டி சொவரு... சொவத்துக்குப் பின்னால குதிரு...”

பின்னால. “மச்சினன் மச்சினன் மச்சினன்...”

முன்னால. “சொவத்துல சாஞ்சு உக்காருறது யாரு, ஏ மல்லி...”

பின்னால. “மச்சினந்தான்யா! மச்சினந்தான்!”

பாவி பதறிட்டான். பதறுனதுல முழுசாவே சொல்லிட்டான். முழுசாச் சொன்னா ராசாவுக்கு அது தன்னோடதா இருக்குமா? எவனோ கத்துறான்னு காதைச் சொரிஞ்சுக்கிட்டாரு. அங்காயி பதறல. தம்பி கழுமரத்தடியில நிக்கிறது சன்னல் வழியாத் தெரியுது, ஆனாலும் பதறல. கடைசியா ஒரு நுனிய வச்சா. “முன்னால பாத்து ஆடுறவங்களுக்கு முதுகு தெரியுமா, ஏ மல்லி...”

ராசாவுக்கு உடம்பு சிலுத்துச்சு.

“பட்டுழுச்சு! பட்டுழுச்சு! ஊஞ்சக்காழந்தான் கள்ளன்!”

டொய்ங்ங்ங்!

சொவத்தை இடிச்சாங்க, குழாயி வந்துச்சு. மாயழகு வீட்டுக்குப் போனாங்க, நொச்சி இலையோட விதைநெல்லு மூட்டை மூட்டையா வந்துச்சு. காத்தமுத்துவை அவுத்து விட்டு, அந்தக் கழுவுக்கே மாயழகை இழுத்துட்டுப் போனாங்க. வெண்ணெய்க் குரலெல்லாம் எங்கயோ போயிருச்சு, ஒடஞ்ச தாரைக்கொம்பை ஊதுன மாதிரி கத்துறான். “ராசா! அது உங்களுக்குப் படல ராசா! அவ ஓதுனா! எனக்குத் தெரியும், ஏன்னா முன்னாடியெல்லாம் ஓதுனது நான்! காவக்காரனைச் சொன்னது நான்! மச்சினனைச் சொன்னது நான்!”

ராசா மந்திரியப் பாத்துச் சொன்னாரு, “சாகப்போற பயத்துல உளறுறான் பாரு.”

அவன் பொறந்ததுல இருந்து சொன்ன ஒரே நெசம் அதுதான். அதை ஒருத்தரும் நம்பல. ஏத்திட்டாங்க.

ராசாவுக்கு ஒரே பூரிப்பு. ஊருக்கு விருந்து போட்டாரு. அங்காயியக் கூப்பிட்டாரு.

“பாத்தியா தாயி! பட்டா பொய்க்காதுன்னு அன்னைக்கே சொன்னனா இல்லியா? உந்தம்பி உசுரைக் காப்பாத்துனது எனக்குப் பட்டதுதான். சந்தோசந்தானே? என்ன வேணும்னாலும் கேளு.”

புருசனைக் கொன்ன வாய், சந்தோசந்தானேன்னு கேக்குது. அங்காயி தரையப் பாத்துக்கிட்டே சொன்னா, “நாளைக்கு ஒரு நாளு ஊஞ்சக் கயித்தை நான் இழுக்கணும் ராசா.”

“இவ்வளவுதானா? இழு, இழு.”

மறுநாளு கூடம் நெறைய ஆளு. ராசா ஊஞ்சல்ல, அங்காயி பின்னால. கிரீச்... கிரீச்... அவ வாயி அசையுது. “எவ்வளவு ஏத்துனாலும் சொமக்கும்... எதுத்து ஒரு வார்த்தை பேசாது... தப்புன்னு தெரிஞ்சாலும் தலைய ஆட்டும்... நீளக் காது, எல்லாம் கேக்கும்... அதைவிட நல்ல மந்திரி எந்த ஊருல கெடைப்பான்...”

கிரீச்... கிரீச்... ராசா துள்ளிக் குதிச்சாரு. வெத்தலைச் சாறு மீசையில தெறிச்சுச்சு.

“பட்டுழுச்சு! கழுழைய மந்திழி ஆக்குங்க!”

டொய்ங்ங்ங்!

“எண்ணது! கழுதையவா!”ன்னு மந்திரி மூக்கைப் புடிச்சுக்கிட்டாரு. மணி அடிச்சப்புறம் கேள்வி கேட்டுட்டமேன்னு வாயப் பொத்திக்கிட்டாரு.

இப்ப சிரிங்க. நல்லாச் சிரிங்க. கூடமே சிரிச்சுச்சு. புதுக் காவக்காரன் சிரிச்சான், மணியடிக்கிறவன் சிரிச்சான், சிரிக்கக்கூடாதுன்னு தூணுக்குப் பின்னால ஒளிஞ்சவனெல்லாம் சிரிச்சான். எல்லாரும் சிரிக்கிறதைப் பாத்து ராசாவும் சிரிச்சாரு.

“சழி சழி, போயி ஒழு கழுழையப் புடிச்சு, தலப்பாவும் மாலையும் போட்டுக் கூட்டியாங்க!”

“போக வேண்டியதில்ல ராசா, வெளியதான் நிக்குது”ன்னா அங்காயி. “காத்தமுத்து, கொண்டாடா.”

காத்தமுத்து கழுதையக் கூட்டிட்டு வந்தான். தலையில சரிகைத் தலப்பா. கழுத்துல மல்லிகை மாலை. அது வந்து ராசா முன்னால நின்னு காதை ஆட்டுச்சு. சிரிப்பு இன்னும் பெருசாச்சு. ராசா கண்ணுல தண்ணி வரச் சிரிச்சுக்கிட்டே மாலையத் தொட்டாரு. தொட்ட கை நின்னுச்சு. பூவெல்லாம் வாடி, ஓரம் பழுத்துப் போயிருந்துச்சு.

“தாயி, இது இப்பக் கட்டுன மாலை இல்லியே?”

“விடியக்காலையிலயே கட்டுனது ராசா.”

“எனக்கு இப்பத்தானே பட்டுச்சு?”

“ஆமா ராசா.”

“நான் ஊஞ்சல்ல உக்காழவே இல்லியே அப்ப?”

“இல்ல ராசா.”

ராசா பின்னால திரும்பிப் பாத்தாரு. அவ கையில கயிறைப் பாத்தாரு. அவ வாயைப் பாத்தாரு. கூடத்துல ஒவ்வொருத்தனாச் சிரிப்பை நிறுத்துனான். ராசா வெத்தலையத் துப்புனாரு. துப்புனப்புறம் பேச்சு தெளிவா வந்துச்சு.

“ஏம்மா... உம் புருசனைச் சொன்னப்பவும் எனக்கு இதே மாதிரிதான சிலுத்துச்சு.”